கடன் எந்தப் பணத்தில், வருமானம் எந்தப் பணத்தில்?

நாணய மதிப்புக் குறைப்பு பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. அதனால் இந்த இதழை இந்த விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒரு நாடு தன் நாணயத்தின் மதிப்பைத் தானே ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? அது அந்த நாட்டுக்கே நஷ்டம் இல்லையா? (பொருளாதார மாணவி)

விரும்பிக் குறைக்கிற அரசு அபூர்வம். வேறு வழியில்லாமல் போன பிறகுதான் பெரும்பாலும் குறைக்கிறார்கள். "ஒரு டாலருக்கு இவ்வளவுதான்" என்று அரசு ஒரு விலையைக் கட்டி வைத்திருக்கிறது. அந்த விலையில் டாலர் வாங்க வருகிறவர்கள் அதிகம், விற்க வருகிறவர்கள் குறைவு. இடைவெளியை மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்து கொடுத்து ஈடுகட்டுகிறது. கையிருப்பு கரையும்வரை இது ஓடும். பிறகு ஓடாது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் பதவிக்கு வந்த ஹரால்ட் வில்சன் அரசு, பவுண்டின் மதிப்பைக் குறைப்பதில்லை என்று மூன்று ஆண்டுகள் பிடிவாதமாக நின்றது. கடன் வாங்கியும் வட்டியை ஏற்றியும் தாக்குப்பிடித்துப் பார்த்தது. கடைசியில் 1967 நவம்பர் 18 அன்று 2.80 டாலராக இருந்த பவுண்டை 2.40 டாலராகக் குறைத்தது. மறுநாள் தொலைக்காட்சியில் தோன்றிய வில்சன், மக்களின் சட்டைப்பையில் இருக்கும் பவுண்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்று ஆறுதல் சொன்னார். உள்நாட்டுப் பொருளை மட்டுமே வாங்குகிறவருக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் இறக்குமதியில்லாமல் ஒரு நாளும் நகராத நாட்டில் அப்படிப்பட்டவர் யார்? மக்கள் அந்தப் பேச்சை மன்னிக்கவே இல்லை.

பலனும் உடனே வரவில்லை. வெளிநாட்டுக் கணக்கில் உபரி தெரிய 1969 ஆயிற்று. இதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே கையெழுத்தான இறக்குமதி ஒப்பந்தங்களின் பில் முதல் நாளிலேயே ஏறிவிடுகிறது. விலை மலிந்ததைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் புதிய ஆர்டர் கொடுக்க மாதங்கள் ஆகும், அதைத் தயாரித்து அனுப்ப இன்னும் சில மாதங்கள் ஆகும். அதுவரை நிலைமை முன்பைவிட மோசமாகத்தான் தெரியும். இந்த இடைக்காலத்தில் பதவியில் இருக்கும் நிதியமைச்சர்கள் பாவம். பிரிட்டனின் ஜேம்ஸ் காலஹன் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அந்த நாற்காலியை விட்டு எழுந்தார்.

நாணயம் 50 சதவிகிதம் விழுந்தால் இறக்குமதிப் பொருள் 50 சதவிகிதம் விலை ஏறும், சரிதானே?

இல்லை, இரட்டிப்பாகும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பல பயன்படுத்தும் சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பை 1994 ஜனவரியில் பாதியாகக் குறைத்தார்கள். அதுவரை 50 கொடுத்து ஒரு பிரெஞ்சு பிராங்க் வாங்கியவர் அன்றிலிருந்து 100 கொடுக்க வேண்டியதாயிற்று. கொக்கோவும் பருத்தியும் விற்ற நாடுகளுக்கு வருமானம் கூடியது. வெளிநாட்டு மருந்தை நம்பியிருந்த நோயாளிக்கு அதே மருந்து எட்டாத உயரத்துக்குப் போனது. இரண்டும் ஒரே அறிவிப்பின் விளைவுதான்.

மதிப்பு விழுந்த பிறகு சில நாடுகள் தெம்பாக எழுந்துவிடுகின்றன, சில நாடுகள் நொறுங்கிப்போகின்றன. என்ன வித்தியாசம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1992 செப்டம்பர் 16. பவுண்டைக் காப்பாற்ற பிரிட்டன் ஒரே நாளில் வட்டியை 10 சதவிகிதத்திலிருந்து 12 ஆக்கியது, அடுத்த நாள் முதல் 15 என்றும் அறிவித்தது. சந்தை அசையவில்லை. மாலையே, ஐரோப்பிய நாணயங்களை ஒன்றுக்கொன்று குறுகிய வரம்புக்குள் கட்டி வைத்திருந்த ஐரோப்பிய மாற்று விகித அமைப்பிலிருந்து வெளியேறியது. பெரிய அவமானம், அரசின் பெயர் கெட்டது. ஆனால் நாடு? அடுத்த ஆண்டு ஜனவரிக்குள் வட்டி 6 சதவிகிதத்துக்கு இறங்கியது, விலைவாசி கட்டுக்குள் நின்றது, பொருளாதாரம் வளரத் தொடங்கியது.

1997-ல் இந்தோனேசியா. ஆண்டின் நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ருப்பியா. அடுத்த ஜனவரியில் 10,000-ஐத் தாண்டியது. 1998-ல் மட்டும் அந்நாட்டின் பொருளாதாரம் சுமார் 13 சதவிகிதம் சுருங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சுஹார்தோ அந்த மே மாதம் பதவி விலகினார்.

சரிவின் அளவு இரண்டிலும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் அந்த அளவுக்குச் சரிந்ததற்கே வேறொரு காரணம் இருந்தது. பிரிட்டன் தன் கடனைப் பெரும்பாலும் பவுண்டிலேயே வாங்கியிருந்தது. இந்தோனேசிய நிறுவனங்கள் டாலரில் வாங்கியிருந்தன. வட்டி குறைவு, ருப்பியாவின் விலையோ அரசின் கட்டுப்பாட்டில் மெதுவாகத்தான் நகர்கிறது, அப்புறம் என்ன பயம் என்று, டாலர் விலை ஏறினால் ஈடுகட்டும் எந்தக் காப்பும் எடுக்காமல் வாங்கினார்கள். 10 லட்சம் டாலர் கடன் வாங்கிய நிறுவனத்தின் பேரேட்டில் அது 240 கோடி ருப்பியா. சில மாதங்களில் அதே கடன், ஒரு டாலர்கூடக் கூடாமல், 1,000 கோடி ருப்பியா. அதன் வருமானமோ உள்ளூர் ருப்பியாவில். நேற்றுவரை லாபத்தில் ஓடிய நிறுவனம் இன்று திவால். கடனை அடைக்க எல்லோரும் டாலரைத் தேடி ஓடினார்கள், அந்த ஓட்டமே ருப்பியாவை இன்னும் கீழே தள்ளியது, கடன் இன்னும் பெருத்தது. பிரிட்டனில் இந்தச் சுழல் இல்லை.

அதனால்தான் எந்த நாட்டு நாணயம் விழுந்தாலும் நான் முதலில் கேட்பது, கடன் எந்தப் பணத்தில், வருமானம் எந்தப் பணத்தில் என்று. எத்தனை சதவிகிதம் விழுந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டு நாணயத்தில் வீட்டுக் கடன் வாங்கினால் வட்டி பாதிதான் என்கிறார்கள். வாங்கலாமா?

உங்கள் சம்பளம் அந்த நாணயத்தில் வந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தயவுசெய்து வேண்டாம்.

2000-களில் ஹங்கேரியில் ஏராளமான குடும்பங்கள் இதைத்தான் செய்தன. சம்பளம் ஃபோரிண்டில், வீட்டுக் கடன் சுவிஸ் பிராங்கில். 2008-ல் ஒரு பிராங்க் சுமார் 160 ஃபோரிண்ட். 2011-ல் 240-ஐத் தாண்டிவிட்டது. 1 லட்சம் பிராங்க் கடன் வாங்கியவருக்கு அசல் 1.6 கோடி ஃபோரிண்டிலிருந்து 2.4 கோடிக்குப் போய்விட்டது. நடுவில் மூன்று வருடம் தவணை கட்டியும் பாக்கி ஏறியிருப்பதைப் பார்த்த குடும்பத்தின் மனநிலையை நினைத்துப்பாருங்கள். அவர்கள் சூதாடிகள் இல்லை. வட்டி குறைவு என்பதை வங்கி பெரிய எழுத்தில் சொன்னது, நாணய ஆபத்து யாருடைய தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நாணய ஆபத்தைத் தாங்கும் வலு வங்கிக்கு உண்டு, மாதச் சம்பளக்காரருக்குக் கிடையாது.

ஹங்கேரி அரசு 2014 நவம்பரில் சட்டம் போட்டு அந்தக் கடன்களை ஃபோரிண்டுக்கு மாற்றியது. சரியாக அதற்கடுத்த 2015 ஜனவரி 15 அன்று, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் வைத்திருந்த வரம்பை சுவிஸ் மத்திய வங்கி எச்சரிக்கையின்றி எடுத்துவிட்டது. பிராங்க் எகிறியது. ஹங்கேரிக்காரர்கள் மயிரிழையில் தப்பினார்கள். போலந்தில் பிராங்க் கடன் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வேறொரு நாட்டு வங்கியில் 17 சதவிகித வட்டி தருகிறார்கள். போடலாமா?

அந்த 17 எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். விழக்கூடிய நாணயத்தை வைத்திருப்பதற்கான கூலி அது. 2021 தொடக்கத்தில் துருக்கியில் மத்திய வங்கியின் வட்டியே 17 சதவிகிதம். ஒரு டாலருக்குச் சுமார் 7.4 லிரா. 100 லிரா போட்டவர் கொண்டுவந்தது சுமார் 13.5 டாலர். ஆண்டு முடிவில் வட்டியோடு 117 லிரா கிடைத்திருந்தால்கூட, டாலர் விலை 13.3 லிரா ஆகியிருந்தது. கையில் வந்தது 8.8 டாலர். வட்டி முழுதாக வந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

ஏற்றுமதி நிறுவனப் பங்குகளை வாங்கிப்போட்டால் மதிப்புக் குறைப்பில் லாபம் பார்க்கலாமா? (பங்குச் சந்தைக்குப் புதியவர்)

பார்க்கலாம், ஆனால் "ஏற்றுமதி" என்ற ஒரு சொல்லைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த நிறுவனத்தின் மூலப்பொருளில் எவ்வளவு இறக்குமதி? வெளியே விற்பது டாலரில், ஆனால் வாங்குவதும் டாலரில் என்றால் நடுவில் மிஞ்சுவது கூலிச் செலவின் மிச்சம் மட்டுமே. அதற்கு டாலர் கடன் இருக்கிறதா? வரப்போகும் டாலரை ஏற்கெனவே முன்பேர ஒப்பந்தத்தில் பழைய விலைக்கு விற்றுவிட்டதா? அப்படியானால் இந்த ஆண்டு லாபம் அதற்கு வராது. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் இதெல்லாம் இருக்கும். முகப்பு வண்ணப் படங்களை விட்டுவிட்டு அங்கே போய்ப் படியுங்கள்.

இன்னொன்று. உலக வர்த்தகத்தில் பெரும்பகுதிக்கு விலை டாலரில்தான் எழுதப்படுகிறது, விற்பவரும் வாங்குபவரும் அமெரிக்கராக இல்லாதபோதும். அதனால் நாணயம் விழுந்த மறுநாளே வெளிநாட்டுக்காரருக்கு நம் பொருள் மலிந்துவிடாது. டாலர் விலை அப்படியே நிற்கும், நிறுவனத்தின் லாப விகிதம்தான் முதலில் கூடும். இந்த லாபம் பங்கு முதலீட்டாளருக்கு நல்லது. புதிய வேலைவாய்ப்பை எதிர்பார்க்கும் நாட்டுக்கு அது தாமதமாகவே வந்து சேரும்.

பங்குக் குறியீடு ஏறுவதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் வாக்களித்ததும் பவுண்ட் சரிந்தது. லண்டனின் எஃப்டிஎஸ்இ 100 குறியீடோ 6,300-க்குச் சற்று மேலிருந்து ஆண்டு முடிவில் 7,100-ஐத் தாண்டியது. அதிலுள்ள பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் பாதிக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது, பவுண்டில் மாற்றி எழுதும்போது அது பெரிதாகத் தெரிந்தது. பவுண்டில் கணக்குப் பார்த்தவருக்கு 12 சதவிகிதத்துக்கு மேல் லாபம். டாலர் கொண்டுவந்து முதலீடு செய்தவருக்கு, டிவிடெண்டை விட்டுவிட்டால், நஷ்டம். ஒரே பங்கு, ஒரே காலம்.

எதற்கு வம்பு, சேமிப்பை உள்ளூர் வங்கியிலேயே டாலர் கணக்கில் வைத்துவிட்டால் பயமில்லைதானே?

அர்ஜென்டினாக்காரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1991 முதல் அங்கே ஒரு பெசோ ஒரு டாலர் என்று சட்டமே இருந்தது. 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த மாதம் அந்தச் சட்டம் போயிற்று. டாலர் வைப்புகளை ஒரு டாலருக்கு 1.40 பெசோ என்ற கணக்கில் பெசோவாக மாற்றினார்கள். அந்த ஆண்டு நடுவில் சந்தையில் டாலர் 3.50 பெசோவைத் தாண்டியிருந்தது. 1,000 டாலர் வைத்திருந்தவருக்குக் கணக்கில் 1,400 பெசோ, சந்தை விலையில் 400 டாலர். விலைவாசிக்கு ஏற்ற சரிக்கட்டல் பிறகு சேர்ந்தது, வழக்குகளும் நடந்தன, ஆனால் மருத்துவச் செலவுக்கு அன்றே பணம் தேவைப்பட்டவருக்கு அவற்றால் என்ன பயன்? ஐஸ்லாந்து 2008 இறுதியில் போட்ட மூலதனக் கட்டுப்பாடுகள் பெருமளவு விலக 2017 மார்ச் ஆயிற்று. அங்கே முதலீடு செய்த வெளிநாட்டவருக்குக் குரோனா விழுந்த நஷ்டத்தோடு, வெளியே எடுக்க முடியாத தவிப்பும் சேர்ந்தது.

எந்த நாணயம் என்பதோடு எந்த நாட்டின் சட்டத்துக்குக் கீழ் என்பதையும் பாருங்கள்.

எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் குறைத்தால்?

ஒன்றுக்கொன்று எதிராக யாருக்கும் ஆதாயமில்லை. ஆனாலும் 1930-களின் பெருமந்தத்தில், நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிப்போட்ட முடிச்சை 1931-லேயே அவிழ்த்த பிரிட்டன், 1936 வரை பிடித்துத் தொங்கிய பிரான்ஸை விட முன்னதாக மீண்டது. வட்டியைக் குறைக்கும் சுதந்திரம் கிடைத்ததே காரணம்.

விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

தேதி தெரியாது. பலவீனம் தெரியும். ஓராண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய வெளிநாட்டுக் கடனை அடைக்கும் அளவுக்குச் செலாவணிக் கையிருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரபூர்வ விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிகிறதா என்று பாருங்கள்.

கையிருப்பு என்று அறிவிக்கப்படும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1997-ல் தாய்லாந்து மத்திய வங்கி காட்டிய கையிருப்பு 3,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் பாட் நாணயத்தைக் காக்கும் முயற்சியில் சுமார் 2,300 கோடி டாலரைப் பிற்காலத் தேதியில் கொடுப்பதாக முன்பேர ஒப்பந்தங்களில் எழுதிக் கொடுத்திருந்தது. அது மேலோட்டமான கணக்கில் தெரியவில்லை. ஜூலை 2 அன்று பாட்டைச் சந்தையின் போக்கில் விட்டார்கள், ஆசியா முழுவதும் ஆடிப்போயிற்று.

இரண்டு வருடத்தில் மகள் வெளிநாட்டில் படிக்கப் போகிறாள். கட்டணத்தை இப்போதே அந்த நாணயமாக மாற்றி வைக்கலாமா, விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். கட்டப்போவது அந்த நாணயத்தில் என்பது உறுதி, உங்கள் வருமானம் வேறு நாணயத்தில். மொத்தமாக ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். மாதாமாதம் ஒரு பகுதியை மாற்றி, முதல் ஆண்டுக் கட்டணத்தை அவள் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே முழுதாகச் சேர்த்துவிடுங்கள். மாற்றும்போது விலையை மட்டும் விசாரிக்காமல், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே எவ்வளவு எடுக்கிறார்கள், கட்டணம் தனியாக எவ்வளவு என்றும் குறைந்தது இரண்டு இடங்களில் கேளுங்கள். அவள் படிப்புக்குக் கடன் வாங்குவதாக இருந்தால், படித்து முடித்து எந்த நாட்டில் சம்பாதிக்கப் போகிறாள் என்று அவளிடமே பேசிவிட்டு, அந்த நாட்டுப் பணத்தில் கடன் வாங்குங்கள்.