புள்ளியும் கோடும் காதுக்கே

கேள்வி: எங்கள் பள்ளிச் சாரணர் படையில் 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகக் குறிக்கும் மோர்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்னேன். இரண்டே வாரத்தில் ஆர்வம் வடிந்துவிட்டது. ஆர்வலர்கள் தம் சொந்த நிலையங்களிலிருந்து வானலையில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலியை எப்படி அறிமுகப்படுத்தலாம்? பிள்ளைகளுக்கு உரிமம் வேண்டுமா?
– சாரண ஆசிரியர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தவறு மாணவர்களிடம் இல்லை, அட்டவணையில்தான் இருக்கிறது. புள்ளியையும் கோட்டையும் கண்ணால் படித்த மாணவன், ஒலியைக் கேட்டதும் அதை மனத்தில் படமாக மாற்றி, அந்தப் படத்துக்குரிய எழுத்தைத் தேடுவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். மிருதங்கம் கற்பவர் சொற்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகுவதுபோல, மோர்ஸையும் புள்ளிக்கு "டி", கோட்டுக்கு "டா" என்று வாயால் சொல்லியே தொடங்க வேண்டும். அளவு மிக எளிது: "டி" ஒரு பங்கு நேரம் என்றால் "டா" மூன்று பங்கு, எழுத்துகளுக்கு இடையே மூன்று பங்கும் சொற்களுக்கு இடையே ஏழு பங்கும் இடைவெளி. நம் இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரைதான். மோர்ஸின் நெடில் அதைவிட நீளம் என்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

முதல் நாளில் ஆங்கில எழுத்துகளில் "கே" (டா-டி-டா), "எம்" (டா-டா) ஆகிய இரண்டு மட்டும் போதும். இவை காதில் தடுமாறாமல் பதிந்த பிறகே மூன்றாவது எழுத்தைச் சேருங்கள்; கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் பெயரால் வழங்கும் முறை இது. எழுத்தை மெதுவாக இழுத்து ஒலிக்காதீர்கள். எழுத்தை விரைவாகவே ஒலித்து, எழுத்துகளுக்கு இடையே மட்டும் நிறைய நேரம் விடுங்கள்; இழுத்து ஒலித்தால் பிள்ளைகள் புள்ளிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள், பிறகு அந்தப் பழக்கத்தைப் போக்குவது பெரும்பாடு. மின்கலத்தை இணைத்தால் தானே ஒலிக்கும் சிறிய பஸ்ஸர் ஒன்றும், அழுத்தும்போது ஒன்றையொன்று தொடும்படி துணி மாட்டும் கிளிப்பின் இரு கைப்பிடிகளின் உட்புறத்திலும் குத்திய டிராயிங் பின்களும் இருந்தால் பயிற்சிக் கருவி தயார். அலை எதையும் ஒலிபரப்பாத இதற்கு உரிமம் தேவையில்லை.

காது ஓரளவு பழகியதும், உரிமம் பெற்ற ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவரை அழையுங்கள். அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானலையில் சந்திக்கும் ஜோட்டா நடைபெறும். 1957இல் இங்கிலாந்தில் நடந்த உலக ஜாம்போரியில் (சாரணர் பெருமுகாமில்) ஹாம் நிலையத்தை நடத்திய லெஸ்லி மிட்செல் தந்த யோசனையால் 1958இல் தொடங்கியது அது. மைக்கின் முன் வாயடைத்துப்போவது பிள்ளைகளின் இயல்பு. தம் பெயரை, ஏ-க்கு "ஆல்பா", பி-க்கு "பிராவோ" என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சொல்லும் முறையில் எழுத்துக் கூட்டிச் சொல்லவும், எதிர்முனையில் இருப்பவரிடம் கேட்க ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளவும் முன்பே பழக்குங்கள். இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு, 2004 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் ஹாம் வானொலி வழியே செய்திகளை அனுப்பியதைச் சொல்லுங்கள்.

உரிமம் இல்லாதவர் தனியாக ஒலிபரப்பக் கூடாது. உரிமதாரர் அருகில் இருந்தாலும், மாணவர்கள் எந்த அளவு பங்கேற்கலாம் என்பதை அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் தேர்வெழுதி உரிமம் பெறலாம். தொடக்கநிலையான கட்டுப்படுத்தப்பட்ட பிரிவுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. ஆகவே 11 வயதினர் ஓராண்டு பஸ்ஸரோடு இருக்கட்டும்.