மாடிக் கணினியில் உள்ள பாடல்களைக் கம்பியில்லாமல் ஸ்டீரியோவில் கேட்பது எப்படி?

ஏற்காட்டில் உள்ள பழைய கல்கட்டு வீட்டில், மாடி அறைக் கணினியில் இருக்கும் பாடல்களைக் கீழ்க்கூடத்து ஸ்டீரியோவில் கம்பியில்லாமல் கேட்க வழி கேட்டிருக்கிறீர்கள். புளூடூத் ரிசீவர் ஒன்று வாங்கினால் போதுமா என்பது உங்கள் ஐயம்.

போதாது என்றே கருதுகிறேன். சாதாரண புளூடூத் கருவிகள் சுமார் 10 மீட்டர் தொலைவுக்கானவை. தடித்த கற்சுவர் குறுக்கிட்டால் பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். தவிர, குறுந்தட்டின் ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவைப்பட, புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி அதனைப் பொதுவாக 328 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியே அனுப்புகிறது.

வைஃபை வழியே சிறந்தது. ஸ்டீரியோவின் அருகில் ராஸ்ப்பெரி பை போன்ற சிறு கணினியை வைத்து, அதில் வால்யூமியோ என்ற இசை இயக்கும் மென்பொருளை நிறுவி, மாடிக் கணினியின் பாடல் கோப்புறையை வீட்டு வலையமைப்பில் பகிர்ந்துவிட்டால், அது கோப்புகளை அப்படியே எடுத்து இசைக்கும். பாடலைத் தேர்ந்தெடுக்கக் கைப்பேசியின் பிரவுசரே போதும். மாடிக் கணினி மட்டும் உறக்கநிலைக்குச் சென்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராஸ்ப்பெரி பை 5-இல் ஹெட்போன் துளை இல்லாததால், யுஎஸ்பி டிஏசி (கணினியின் டிஜிட்டல் தரவை ஸ்டீரியோவுக்கு ஏற்ற ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் சிறு கருவி) ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதிலிருந்து வரும் ஆர்சிஏ கம்பியை (பொதுவாகச் சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஒலிக்கம்பி) ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளையில் செருகுங்கள். ‘ஃபோனோ’ என்று எழுதியிருப்பது இசைத்தட்டு இயக்கிக்கு உரியது, அதில் செருகினால் ஒலி சிதைந்து காதைக் கிழிக்கும்.

கற்சுவரை ஊடுருவுவதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேலானது. சுருக்கப்படாத பாட்டுக்குக்கூட அதன் வேகம் தாராளம். அதுவும் தடுமாறினால், ரௌட்டரை மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றிப் பாருங்கள். கூடுதல் கருவி தேடிச் சேலத்துக்கு இறங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.