ஒருவர் கேட்டிருக்கிறார்: தொலைக்காட்சித் தடைப் போட்டிகளில் உடலை அதிகம் வாட்டி எடுக்கும் தடை எது?

கிளிஃப்ஹேங்கர், அதாவது மெல்லிய விளிம்பில் விரல் நுனியால் மட்டும் தொங்கி நகரும் தடை. அதோடு, அதற்கு அடுத்து எந்தத் தடையை வைத்திருக்கிறார்களோ அதுவும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த விடையை ஒருவரும் ஏற்பதில்லை. பினாங்கில் அக்கா வீட்டுக் கூடத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சி ஓடத் தொடங்கினால் ஒரு சின்னப் பட்டிமன்றமே நடக்கும். மச்சான் பாரம் தூக்குபவர். சுவரைத் தூக்கும் தடைதான் கடினம் என்று அடித்துச் சொல்வார். மருமகனுக்குப் பள்ளி வயது. வளைந்த சுவரில் ஓடி ஏறுவதைத் தவிர வேறு எதையும் அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்த கையோடு உள்ளரங்கு ஏறுசுவரில் போய்த் தொங்குகிறவன். ஆகவே என் ஓட்டு விரல்களுக்குத்தான் விழும் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அதில் தவறில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பார்த்திராதவர்களுக்கு ஒரு சுருக்கம். இந்த வகைப் போட்டிகளுக்கு மூலம் ஜப்பானின் ‘சாசுகே’. டி.பி.எஸ் தொலைக்காட்சி 1997-ல் தொடங்கியது. ஒரு போட்டிக்கு வழக்கமாக 100 பேர், நான்கு கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்களிலும் கடிகாரம் துரத்தும். மூன்றாம் கட்டத்தில் நேரக்கெடு கிடையாது. நான்காவது, கோபுரத்தின் உச்சிக்குக் கயிறேறுவது. 2020 டிசம்பர் வரை நடந்த 38 போட்டிகளில் நான்கு கட்டங்களையும் முடித்தவர்கள் நால்வர் மட்டுமே: 1999-ல் அகியாமா, 2006-ல் நாகானோ, 2010-லும் 2011-லும் உருஷிஹாரா, 2015-லும் 2020-லும் மொரிமோட்டோ. அகியாமா நண்டுப் படகில் வேலை செய்தவர், நாகானோ மீன்பிடிப் படகின் தலைவர், உருஷிஹாரா காலணி விற்பனையாளர். மேடை விளக்கில் மின்னும் உடற்கட்டுக்காரர்கள் பலர் முதல் கட்டத்துத் தண்ணீரிலேயே விழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

முதலில் மருமகனின் கட்சியை முடித்துவிடுகிறேன். வார்ப்ட் வால் என்கிற அந்த வளைந்த சுவர் சாசுகேயின் அமெரிக்கப் பதிப்பான ‘அமெரிக்கன் நிஞ்ஜா வாரியரில்’ நெடுங்காலம் 14 அடி, அதாவது ஏறக்குறைய 4.3 மீட்டர். திரையில் பயமுறுத்தும். ஆனால் அதற்குத் தேவை நாலைந்து எட்டு வேகம், சரியான நேரத்தில் ஒரு தாவல், விளிம்பைப் பிடிக்க ஒரு கை. 2014-ல் டல்லாஸில் கேசி கட்டன்சாரோ அதில் ஏறினார். அவருடைய உயரம் ஐந்து அடி. அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சுவரில் ஏறிய முதல் பெண் அவர்தான். பலத்தைவிடக் கால் வைக்கும் முறைதான் அங்கே பேசும். தோற்றாலும் கால் சற்று நேரத்தில் தேறிவிடும். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறியவர்களுக்கு இது தெரியும். மேலே போய் நிற்கும்போது தொடை நடுங்கும். அர்ச்சனை முடிவதற்குள் சரியாகிவிடும். படியேறும்போது ஒரு கால் உழைக்க, மறு கால் ஒரு கணமாவது சும்மா இருக்கிறது.

சால்மன் லேடரும் அப்படித்தான். கையில் பிடித்த கம்பியோடு உடம்பையே எம்பித் தூக்கி, கம்பியை அடுத்த கொக்கியில் மாட்ட வேண்டும். பார்த்தாலே நமக்குத் தோள் வலிக்கும். தாளம் பிடிபட்டவர்கள் அதைச் சில வினாடிகளில் முடித்துவிடுகிறார்கள். ஆளைத் தின்பது, கம்பியின் ஒரு முனை மாட்டி மறு முனை கீழேயே நின்றுவிடும் நேரம். கோணலான கம்பியில் தொங்கிக்கொண்டு அதை நிமிர்த்துவதற்குள் தாளமும் போகும், தோளும் போகும்.

மச்சானின் வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. சாசுகேயின் இரண்டாம் கட்டக் கடைசியில் மூன்று சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி அடியில் நுழைந்து போக வேண்டும்: 30 கிலோ, 40 கிலோ, 50 கிலோ. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு 50 கிலோ ஒரு பொருட்டே இல்லை. அதற்கு முன்னால் என்ன வைத்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகள் அங்கே பேக்ஸ்ட்ரீம் என்று ஒன்று இருந்தது. எதிரே பாய்ந்து வரும் நீரோட்டத்தில் நீந்திக் கரையேற வேண்டும். மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது: பின்னோக்கி ஓடும் பட்டையில், தாழ்வான கூரைக்கடியில், தவழ்ந்து போக வேண்டும். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக் கனக்கிறது, கை வழுக்குகிறது, கடிகாரம் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் சுவர்கள் வருகின்றன. முதல் சுவரைச் சிரமமின்றித் தூக்கியவர் மூன்றாவது சுவரின் அடியில் விரலைக் கொடுத்துவிட்டு அப்படியே குந்தி நிற்பதைக் காணலாம். மூச்சுக் கணக்கில் பார்த்தால் இதற்கு இணை கிடையாது. மொத்த உடம்பும் ஒரே நேரத்தில் பிராணவாயு கேட்கும் இடம் இது.

“தம்பி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருப்பதுதான் களைப்பு. விரல் வலிப்பதெல்லாம் ஒரு களைப்பா?” என்பது மச்சானின் வாதம்.

நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான். மூச்சு வாங்குகிறவர் நின்றால் மூச்சு திரும்பும். தொங்குகிறவர் எங்கே நிற்பது?

கிளிஃப்ஹேங்கரில் சுவரோரமாக ஒரு மெல்லிய விளிம்பு இருக்கும். அதன் அகலம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். விரல் நுனிகள் மட்டும் அதன்மேல் உட்காரும். உள்ளங்கைக்கு வேலை இல்லை, கட்டைவிரலுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, காலுக்குக் கீழே காற்று. அந்த நிலையில் பக்கவாட்டில் நகர்ந்து, உயரம் மாறும் அடுத்த விளிம்புக்குத் தாவ வேண்டும். பின்னாளில் வந்த கிரேசி கிளிஃப்ஹேங்கரில் இன்னும் ஒரு படி போனார்கள். முதுகுப் பக்கம் இருக்கும் விளிம்புக்கு, காற்றிலேயே உடம்பைத் திருப்பிப் பாய்ந்து பிடிக்க வேண்டும். அல்ட்ரா கிரேசி என்ற பதிப்பில் விளிம்புகளே அசையத் தொடங்கின. இதை யோசித்தவர் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை; முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. ஒரு தசை அசையாமல் இறுகிப் பிடிக்கும்போது தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. அதன் முழுப் பலத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் இறுகினால், மிதித்த ரப்பர் குழாயில் தண்ணீர் நிற்பதுபோல, இரத்த ஓட்டம் பெரும்பாலும் நின்றுபோகிறது. பிராணவாயு வருவதில்லை, கழிவு வெளியேறுவதில்லை. முன்கை கல்லாகிறது. அந்த நிலையில் மனவுறுதி ஓரளவுக்கு மேல் உதவாது. நீங்கள் விடுவதில்லை, விரல் தானாக விரிந்துகொள்கிறது. திரையில் பாருங்கள், தாவும்போது தவறி விழுகிறவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். விரல் விரிந்து விழுகிறவர் முகத்தில் ஒரு வியப்புதான் தெரியும்.

இதற்கு மருந்து ஓய்வு. தசையில் இருக்கும் உடனடி ஆற்றல் சேமிப்பு ஓரிரு நிமிடங்களிலேயே பெருமளவு மீண்டுவிடும், இரத்தம் ஓடினால். அதனால்தான் பாறையேறிகள் ஒரு கையில் தொங்கிக்கொண்டு மறு கையைக் கீழே தொங்கவிட்டு உதறுகிறார்கள். மூன்று சென்டிமீட்டர் விளிம்பில் ஒரு கையை எடுத்தால் மறு கைக்கு இரண்டு மடங்கு பாரம். உதறினாலும் ஆபத்து, உதறாவிட்டாலும் ஆபத்து. நேரக்கெடு இல்லை என்பதால் மூன்றாம் கட்டத்தை எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே கடிகாரம் முன்கைக்குள் இருக்கிறது.

அடுத்து என்ன வருகிறது என்பதும் முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? சாசுகேயில் பல ஆண்டுகள் கிளிஃப்ஹேங்கரை அடுத்து வெர்ட்டிகல் லிமிட் வந்தது. அதுவும் விரல் நுனி வேலைதான். அதே தசைக்கு, அதே கோணத்தில், தேறுவதற்குள் இரண்டாவது அடி. காலுக்கு ஒரு தடை, தோளுக்கு ஒரு தடை என்று மாற்றி மாற்றி வைத்திருந்தால் பாதிப் பேர் கடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வடிவமைப்பாளர்கள் அந்த இரக்கத்தைக் காட்டவில்லை.

அமெரிக்கப் பதிப்பு இதற்கு நல்ல சாட்சி. 2009-ல் தொடங்கிய போட்டி. 2015 வரை அதன் மூன்றாம் கட்டத்தை ஒருவரும் முடித்ததில்லை. 2013-ல் பிரையன் ஆர்னால்ட் கடைசித் தடையான ஃப்ளையிங் பார் (பிடித்த கம்பியோடு ஒரு தாங்கியிலிருந்து அடுத்ததற்குப் பாயும் தடை) வரை போய் அங்கே விழுந்தார். கிளிஃப்ஹேங்கரைக் கடந்தவர்தான்; அதற்குக் கொடுத்த விலையை ஃப்ளையிங் பாரில் கட்டினார் என்பது என் கணிப்பு. 2015-ல் ஐசக் கல்டியெரோ, ஜெஃப் பிரிட்டன் இருவரும் முடித்தார்கள். இருவருமே பாறையேறிகள் என்பதை மச்சானிடம் நான் அடிக்கடி நினைவூட்டுவது உண்டு. பிறகு 75 அடிக் கயிற்றை 30 வினாடிக்குள் ஏற வேண்டும்: பிரிட்டனுக்கு 29.65, கல்டியெரோவுக்கு 26.14. பத்து லட்சம் டாலர் வேகமாக ஏறியவருக்குப் போயிற்று. கயிறேறுவது கடினமில்லையா என்றால் கடினம்தான். ஆனால் கயிற்றை முழு உள்ளங்கையால் பற்றலாம், கை மாற்றி மாற்றிப் போகலாம், அரை நிமிடத்தில் முடிந்தும் விடும்.

நம் ஊரில் வேர்வை வேறு ஒரு தனித் தடை. பினாங்கின் புழுக்கத்தில் கை எப்போதும் ஈரம்தான். மெக்னீசியம் கார்பனேட் பொடியைத் தடவிக்கொண்டு ஏறினாலும் சற்று நேரத்தில் அது கூழாகிவிடும். பிடி வழுக்கினால் நம்மை அறியாமலே கூடுதலாக இறுக்குவோம். இறுக்கினால் இரத்த ஓட்டம் இன்னும் சீக்கிரம் நிற்கும். ஒரு மாலை சிறிய விளிம்புகளில் மட்டும் பயிற்சி செய்துவிட்டு மச்சானோடு மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் உட்கார்ந்தேன். ரொட்டி சானாய் வந்தது. கிள்ளிப் பார்க்கிறேன், விரல் மடங்குகிறது, ஆனால் பிய்க்கும் அளவுக்கு இறுக்கம் வரவில்லை. ரொட்டி தட்டில் சறுக்கிக்கொண்டே போகிறது. மூச்சு சீராக இருக்கிறது, நெற்றியில் வேர்வை இல்லை, கால் திடமாக இருக்கிறது. முன்கை மட்டும் இல்லை. மச்சான் என் தட்டை இழுத்து ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்.

“அடுத்த தடை பருப்புக் குழம்பா, தம்பி?”

அன்றும் அவர் கட்சி மாறவில்லை.

ஒரு கிளைச் செய்தி. ஒலிம்பிக்கின் ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்தை நீக்கிவிட்டு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் முதல் தடை ஓட்டத்தைச் சேர்க்கிறார்கள். எழுபது மீட்டருக்குள் எட்டுத் தடைகள். அது வேகப் போட்டி. அங்கே மருமகனின் கட்சி வெல்லக்கூடும். நீளமாகத் தொங்கவிட்டு வதைப்பதற்கு அதில் இடமில்லை.

கேள்வி கேட்டவர் வீட்டில் பயிற்சி செய்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார். பெரியவர்கள் முதலில் தடித்த கம்பியில் தொங்கிப் பழகலாம். தோளைத் தளர்த்தி விடாமல், காதிலிருந்து சற்றுக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு தொங்க வேண்டும். தசை சில மாதங்களில் பலப்படும், தசைநாணுக்கு அதைவிட வெகு நாள் பிடிக்கும். இதை மறந்து அவசரப்படுகிறவர்களுக்குத்தான் விரலில் காயம் படுகிறது. வளரும் பிள்ளைகளுக்கு மெல்லிய விளிம்புப் பலகை வேண்டவே வேண்டாம். அவர்களுடைய விரல் எலும்பில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அளவுக்கு மீறிய பாரம் அங்கே முறிவை உண்டாக்கலாம். என் மருமகன் எவ்வளவு கெஞ்சினாலும் என் அறைக் கதவுக்கு மேல் மாட்டியிருக்கும் பலகையைத் தொட விடுவதில்லை. விளையாட்டுத் திடலில் குரங்குக் கம்பி இருக்கிறது. அதில் மணிக்கணக்காக ஆடட்டும்.