ஓட்டோ கார் பி-ல மாட்டிக்கிட்டா

கேள்வி: அண்ணே, அப்பாவோட பழைய டொயோட்டா கொரோலா, ஓட்டோ கியர். ரெண்டு வாரமா எடுக்காம தோட்டத்து ரோட்டு ஏத்தத்துல நின்னுச்சு, இப்ப பற்றரி சுத்தமா டவுன், சாவிய திருப்பினா ஒரு லைட்டும் வரல. லயத்துல இருந்து நாலு பேரு வந்து தள்ளியும் அசையல, கியர் லீவர் பி-ய (பார்க்கிங்) விட்டு வரவே மாட்டேங்குது. நியூட்ரலுக்கு எப்படி எடுக்கறது? நுவரெலியா கராஜுக்கு கயிறு கட்டி இழுத்துட்டு போகலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, மொதல்ல தள்ளுறத நிறுத்துங்க. பி-ல இருக்கும்போது கியர் பெட்டிக்குள்ள ஒரு இரும்புக் கொக்கி பல்சக்கரத்துல விழுந்து பூட்டிக்கிட்டு இருக்கும், நாப்பது பேரு வந்தாலும் முன்வீல் சுத்தாது. லீவர் வராததுக்கு காரணம் வேற. பிரேக்க மிதிச்சா கரண்ட் வந்து லீவர் பூட்ட தெறக்கணும், பற்றரி செத்தா அது தெறக்காது.

லீவர தொடுறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக்க முழுசா இழுத்து, வீலுக்கு பள்ளத்துப் பக்கமா பெரிய கல்லா பாத்து வைங்க. தயவுசெஞ்சு இத விட்றாதீங்க, நம்ம பக்கம் ரோட்ட விட்டு எறங்கினா நேரா தேயிலைச் சரிவுதான், நியூட்ரல் விழுந்த செக்கன்ல கார் உருள ஆரம்பிச்சிரும். அப்புறம் சாவிய திருப்பி ஸ்டியரிங் பூட்ட எடுங்க. லீவர் பக்கத்துல சின்ன மூடியோ பட்டனோ இருக்கும், 'ஷிஃப்ட் லொக்'னு போட்டிருக்கும், மூடின்னா கெளப்பிட்டு உள்ள ஸ்க்ரூ டிரைவர் முனையால அமுக்கி, பிரேக்க மிதிச்சபடி லீவர என்-னுக்கு, அதாவது நியூட்ரலுக்கு இழுங்க. அப்பவும் இறுக்கமா இருந்தா கார் பாரம் கொக்கி மேல நிக்குதுன்னு அர்த்தம், ரெண்டு பேர மேட்டுப் பக்கமா கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க, விட்டுரும்.

எஞ்சின் ஓடாதப்ப பிரேக் ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் பாரமாயிரும், அதனால ஓரமா ஒதுக்க மட்டும் தள்ளுங்க, எறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம்னு நெனைக்காதீங்க, ஓட்டோ கார் அப்படி ஸ்டார்ட் ஆகாது.

என்னைக் கேட்டா, வேற வாகனத்துல இருந்து ஜம்ப் வயர் போட்டு ஸ்டார்ட் பண்றதுதான் நல்லது. ஸ்டார்ட் ஆகியும் லீவர் வரலன்னா பிரேக்க மிதிச்சு பின்னால லைட் எரியுதான்னு ஒருத்தர பாக்கச் சொல்லுங்க. எரியலன்னா பெடலுக்கு மேல இருக்கிற சுவிட்ச், இல்லாட்டி ஃபியூஸ்தான் போயிருக்கும்.

கயிறு கட்டி இழுக்கவே வேணாம். எஞ்சின் நின்னா கியர் பெட்டிக்குள்ள ஒயில் பம்பும் நின்னுரும், முன்வீல் தரையில சுத்த சுத்த உள்ள காய்ஞ்சு தேயும். தலவாக்கலை, நானுஓயான்னு அத்தனை வளைவுல கல்லு மாதிரி ஆன பிரேக்கோட அப்பாவ ஸ்டியரிங்ல உக்கார வைக்கப் போறீங்களா? தட்டு லொறி ஒண்ணு புடிச்சு ஏத்திட்டு போங்க.