லாக் காமா இருக்கும்போது காமா சார்பைத் தனியாக எழுத வேண்டுமா?

காமா என்பது காரணியப் பெருக்கத்தை முழு எண் அல்லாதவற்றுக்கும் விரிவாக்கும் சார்பு; லாக் காமா அதன் மடக்கையைத் தருவது. லாக் காமா கையில் இருக்கிறது, அதன் விடையை எக்ஸ்பொனென்ஷியலில் (e-இன் அடுக்காக) கொடுத்தால் காமா வந்துவிடும், பிறகு தனியாக ஒரு சார்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணித நூலகத்தில் லாக் காமா ஏற்கெனவே சரியாக ஓடுகிறது என்றும், மீதியை ஒரே வரியில் முடித்துவிட நினைக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரி போதாது. நானும் அதே வரியை எழுதிப் பலர் கைக்கும் போக விட்டவன்.

என்னுடன் பணிபுரிந்தவர் ஒருவர் சேர்வுகளை (எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை) எண்ணும் நிரலில் என் சார்பைப் பயன்படுத்தினார். காமா(5) என்பது 4-இன் காரணியப் பெருக்கம், அதாவது 1 × 2 × 3 × 4 = 24. என் சார்பு 23.999999999999996 என்று கொடுத்தது. அவர் அதை முழு எண்ணாக மாற்றியபோது தசமப் பகுதி வெட்டப்பட்டு 23 ஆகிவிட்டது. முதலில் நான், முழு எண்ணாக்கும் முன் ரவுண்ட் செய்வது உங்கள் பொறுப்பு என்று அவரிடம் சொன்னேன். அப்படிச் சொன்னது தவறு என்று அன்றிரவு 170-ஐக் கொடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

காமா(170)-இன் மடக்கை ஏறக்குறைய 701.44. இரட்டைத் துல்லியத்தில் (கணினி தசம எண்களை 64 பிட்டில் வைக்கும் வழக்கமான வடிவில்) அந்த அளவிலுள்ள அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 1.1 × 10⁻¹³ இடைவெளி இருக்கிறது. லாக் காமா எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும், இறுதியில் அருகிலுள்ள எண்ணுக்கு ஒதுங்கும்போது அதில் பாதி வரை பிழை வரலாம். எக்ஸ்பொனென்ஷியல் அந்தத் தனிப்பிழையை அப்படியே சார்புப் பிழையாக, அதாவது விடையின் அளவோடு ஒப்பிட்ட பிழையாக, மாற்றிவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 16 இலக்கங்களைத் தாங்கக்கூடிய எண்ணில் 13 இலக்கங்களையே நம்ப முடிகிறது. நடைமுறைக்கு 13 இலக்கம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தம் சொந்தக் கணக்குக்கு எது போதும் என்று முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நூலகம் எழுதுபவர், தன்னை அழைக்கப்போகும் நிரல் என்ன செய்யும் என்பதை அறியாதவர், ஆகவே அந்த முடிவை அவர் எடுக்கக்கூடாது என்பதே என் கருத்து.

லாக் காமாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காமா(171.62) அளவைத் தாண்டினால் விடை இரட்டைத் துல்லியத்தில் அடங்காது, பெரிய எண்களின் விகிதங்களுக்கு லாக் காமாதான் வழி.

குறையெண்களில் நிலைமை இன்னும் மோசம். காமா(−0.5) என்பது −3.5449, மடக்கை தனிமதிப்புக்குத்தான் எடுக்கப்படுகிறது என்பதால் அந்த ஒரு வரி +3.5449 என்று கொடுக்கும். யூனிக்ஸ் மரபில் குறி, சைன்காம் என்ற பொது மாறியில் தனியே வைக்கப்படுகிறது. ஒரே நிரலின் பல திரெட்கள் (இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் ஓடினால் அதை நம்ப முடியாது. யூனிக்ஸின் ஒரு வகையான பழைய பிஎஸ்டி அமைப்பில் காமா என்ற பெயரே மடக்கையைத் திருப்பித் தந்தது. சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரமான சி99-இல் உண்மையான காமாவுக்கு டிகாமா என்று வேறு பெயர் வைக்க நேர்ந்தது அந்தக் குழப்பத்தால்தான்.

நான் பின்னர், காமாவைக் கணக்கிடக் கணிதவியலாளர் லாங்சோஸ் 1964-இல் வெளியிட்ட தோராய முறைக்கு மாறினேன். இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த முறையின் கெழுக்கள் ஜி என்ற ஓர் எண்ணைச் சார்ந்தவை. 0.99999999999980993 என்று தொடங்கும் ஒன்பது கெழுக்கள் ஜி = 7 என்பதற்கு மட்டுமே பொருந்தும். அந்த அட்டவணையை ஜி-ஐக் குறிப்பிடாமலே நகலெடுத்து ஒட்டிய நிரல்கள் எத்தனையோ. அப்படி ஒன்றை நம்பி, வேறு ஜி-உடன் சேர்த்து, ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். நீங்கள் எழுதும்போது இரண்டையும் ஒரே இடத்தில், விளக்கக் குறிப்புடன் வையுங்கள்.

அடுக்கைக் கணக்கிடும் இடத்திலும் கவனம் தேவை. பெரிய x-க்குக் காமாவைத் தோராயமாகத் தரும் ஸ்டர்லிங் சூத்திரத்தைப் பயன்படுத்தினால், விடை அடங்கக்கூடியதாக இருந்தும் 143-ஐத் தாண்டியதும் x-இன் (x − 0.5) அடுக்கு மட்டும் ஓவர்ஃப்ளோ ஆகிவிடும் (இரட்டைத் துல்லியத்தின் எல்லையைத் தாண்டிவிடும்). அடுக்கைப் பாதியாக்கி, ஒரு பாதியால் பெருக்கி, எக்ஸ்பொனென்ஷியலால் வகுத்து, பிறகு மறுபாதியால் பெருக்கினால் தப்பலாம். குறையெண்களின் காமாவை நேர் எண்களின் காமாவிலிருந்து சைன் வழியே பெறும் பிரதிபலிப்புச் சூத்திரம் போடும்போது, சைன் எடுப்பதற்கு முன் x-இலிருந்து முழு எண் பகுதியைக் கழித்துவிடுங்கள். −100.001-ஐ நேரடியாகப் பையால் (π) பெருக்கிச் சைன் எடுத்தால் 11 இலக்கங்களுக்கு மேல் தேறாது; கழித்துவிட்டுப் பெருக்கினால் அந்தப் பிழை வராது.

1 முதல் 23 வரையிலான முழு எண்களுக்கு இப்போது அட்டவணையே வைத்திருக்கிறேன். காமா(23) 1124000727777607680000, இது இரட்டைத் துல்லியம் இலக்கங்களுக்குத் தரும் 53 பிட்டுக்குள் பிசகின்றி அடங்கும் கடைசி காரணியப் பெருக்கம், அடுத்தது அடங்காது. காமா(5) இப்போது 24 என்றே வருகிறது. அந்த நண்பரின் நிரலில் ரவுண்ட் செய்யும் வரியை நானே போய் நீக்கினேன்.