வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

பூனை பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகிறது, என்ன வாங்கலாம் என்று பல கடிதங்கள் வந்துவிட்டன. சிலவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஈரத் துடைப்பான், மூலத்துக்குப் போடும் களிம்பு, விலை கூடின புது உணவு மூன்றும் வாங்கியாகிவிட்டது. எங்கள் பூனை இன்னும் தேய்க்கிறது. அடுத்து என்ன வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். வாலைத் தூக்கிப் பார்த்தீர்களா? கடிதத்தில் நீளமுடிப் பூனை என்று எழுதியிருக்கிறீர்கள், காய்ந்த மலம் முடியில் ஒட்டிக்கொண்டாலே அது இப்படித்தான் தேய்க்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் போதும். முடியைக் கத்தரிக்க வேண்டியிருந்தால் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள், அங்கே தோல் மெல்லியது. அந்தக் களிம்பை இன்றோடு நிறுத்துங்கள். மனிதருக்கான இந்த வகைக் களிம்புகள் சிலவற்றில் மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் இருக்கும், பூனை நக்கினால் அதன் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற திறனே கெட்டுப்போகும். பூனை நக்காத இடம் என்று ஒன்று உண்டா?

கேள்வி: வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதைச் சொல்லித்தான் கடையில் பூச்சி மருந்து கேட்டேன். இரண்டு முறை கொடுத்தும் பலனில்லை. போலி மருந்தா? பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மருந்து போலி இல்லை, ஆனால் உங்கள் பூனைக்கானது அது இல்லை. டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘புழு நீக்கி’, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘பைப்பரசின்’. எனக்குப் பல வருடமாக இருக்கிற ஆத்திரம் இதுதான், கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். புழு என்றால் எந்தப் புழு? பைப்பரசின் உருளைப்புழுவைத்தான் கவனிக்கும். நீங்கள் பார்த்த அரிசி மணி நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழுந்த துண்டு, சில சமயம் அது தானே நெளியவும் செய்யும். அதற்கு பிராசிகுவான்டெல் மாதிரி வேறு மருந்து வேண்டும். பைரன்டெல் மட்டும் இருக்கிற மருந்தாலும் நாடாப்புழு போகாது. இதை முன்பக்கத்திலேயே ‘நாடாப்புழுவுக்கு அல்ல’ என்று ஒரு வரி போட்டால் என்ன குடி முழுகிவிடும்? போடமாட்டார்கள், ஏனென்றால் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். அப்புறம் இன்னொன்று. இந்த வகை நாடாப்புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்குகிறது, அதற்குள் இருக்கிற புழு குடலில் வளர்கிறது. தெள்ளை விட்டுவைத்தால், சரியான மருந்தே கொடுத்தாலும் சில வாரத்தில் அரிசி மணி திரும்ப வரும், நீங்கள் மறுபடி போலி மருந்து என்பீர்கள். பணத்தை விடாதீர்கள். அடையாளத்தைச் சொல்லிக் கேட்டவருக்குத் தவறானதைக் கொடுத்தது அவர்கள் பிழை. பில், டப்பா, கால்நடை மருத்துவரின் சீட்டு மூன்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேலைக்கு ஆகாது.

கேள்வி: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மிச்சம் இருக்கிறது. பூனைக்குப் பாதி அளவு போடலாமா?

பதில்: கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது, அது பூனைக்கு விஷம். ‘பூனைக்குப் போடாதீர்கள்’ என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஏற்கனவே போட்டுவிட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடுக்கம், வலிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஆசனவாய்ச் சுரப்பிக்கென்று ஒரு பொடி விற்கிறார்கள், மாதாமாதம் வாங்க வேண்டுமாம். உண்மையா?

பதில்: சுரப்பி உண்மை. ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும், கடிகாரத்தில் நாலு மணி, எட்டு மணி இருக்கிற இடத்தில் சின்னப் பைகள் உண்டு. மலம் கழிக்கும்போது அழுத்தம் பட்டு, நாற்றமடிக்கிற திரவம் அதிலிருந்து வெளியேறும். அடைத்துக்கொண்டால் பூனை தேய்க்கும், நக்கிக்கொண்டே இருக்கும். நாய்களில் இது சகஜம், பூனைகளில் குறைவு. பொடியில் இருப்பது பெரும்பாலும் நார்ச்சத்து. மலம் கெட்டிப்பட அது உதவலாம், ஏற்கனவே அடைத்த பையைத் திறக்காது. மருத்துவர் பிதுக்கிவிடுவார், காணொளி பார்த்து நீங்கள் பிதுக்கவேண்டாம். ஒரு பக்கம் வீங்கியிருந்தால், ரத்தமோ சீழோ வந்தால், அன்றைக்கே போங்கள்.

கேள்வி: ‘புழு நீக்கப்பட்டது’ என்று சான்றோடு பூனைக்குட்டி வாங்கினேன். முதல் நாளிலிருந்தே தேய்க்கிறது. புது வீடு பழகவில்லை என்கிறார் விற்றவர். மருத்துவர் நாடாப்புழு, உடம்பெல்லாம் தெள்ளு என்கிறார்.

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். வீடு பழகாத குட்டி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், தரையில் இழைத்துக்கொண்டு போகாது. சான்றில் எந்த மருந்து, எந்தத் தேதி என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் காகிதம். மருத்துவரிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள், விற்றவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள், சிகிச்சைச் செலவைக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். குட்டியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்கவேண்டாம், குணமாகிற விஷயம்தான்.

கேள்வி: தெள்ளை விரட்ட ஒலி எழுப்பும் கழுத்துப்பட்டை வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். நமக்குக் கேட்காத ஒலியாம், தெள்ளு தெறித்து ஓடுமாம். ஒரு மாதம் கழித்துக் கழற்றினால் பட்டைக்கு அடியிலேயே இரண்டு தெள்ளு உட்கார்ந்திருந்தது. பேட்டரி மட்டும் நன்றாக இருந்தது, அதைச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுக்கொண்டேன்.