டாக்டரிடம் 'ஸ்டாப்டு டு டேக்' என்று சொல்லிவிடாதீர்கள்

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உச்சரிப்பை மாற்ற வேண்டுமா? வேண்டாம், தெளிவாகப் பேசினால் போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? அது உங்கள் வசதி. ரிமெம்பர், ஸ்டாப், ட்ரை போன்ற ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் 'டு டேக்' என்று 'டு' போடுவதா, 'டேக்கிங்' என்று 'இங்' போடுவதா என்று கடைசியாகக் கேட்டீர்களே, அதுதான் முக்கியம். ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் தடுமாறிய இடம்.

"பேசப் பேச வந்துவிடும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அந்த அறிவுரை எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. வாக்கியம் தப்பாக இருந்தால் கேட்பவர் முகம் சுளிப்பார், நாமும் திருத்திக்கொள்வோம். இங்கே இரண்டு வடிவமும் சரியான ஆங்கிலம், அர்த்தம்தான் வேறு. அதனால் யாரும் திருத்த மாட்டார்கள். எத்தனை வருஷம் இருந்தாலும் தானாக வராது.

டாக்டரிடம் "ஐ ஸ்டாப்டு டேக்கிங் த டாப்லெட்ஸ்" என்றால் மாத்திரை சாப்பிடுவதை விட்டுவிட்டீர்கள். "ஐ ஸ்டாப்டு டு டேக் த டாப்லெட்ஸ்" என்றால் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டீர்கள். ஒன்றில் மருந்து உள்ளே போகவில்லை, மற்றதில் போயிருக்கிறது.

பயப்பட வேண்டாம், இந்த வித்தியாசம் தமிழிலேயே இருக்கிறது. 'பூட்ட மறந்துவிட்டேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது: ஃபர்காட் டு லாக். 'பூட்டியதை மறந்துவிட்டேன்' என்றால் பூட்டியாகிவிட்டது, நினைவில்தான் இல்லை: ஃபர்காட் லாக்கிங். 'பூட்ட' மாதிரி செயல் இனிமேல் என்றால் டு, 'பூட்டியது' மாதிரி நடந்து முடிந்தது என்றால் இங். ரிமெம்பருக்கும் இதே கணக்கு. ஒரு படிவத்தைக் காட்டிக் கேட்கும்போது "ஐ டோன்ட் ரிமெம்பர் சைனிங்" என்றால் கையெழுத்துப் போட்டதாக ஞாபகம் இல்லை. "ஐ டிட்ன்ட் ரிமெம்பர் டு சைன்" என்றால் போடவே இல்லை. ரிக்ரெட்டும் அப்படியே: 'தெரிவிக்க வருந்துகிறோம்' என்று வரும் நிராகரிப்புக் கடிதத்தில் டு, சொன்னதற்காக வருந்தினால் இங்.

ட்ரைக்கு நம்மிடம் இன்னும் அழகான வழி உண்டு. 'செய்து பார்த்தேன்' என்று சொல்ல முடிந்தால் இங். 'செய்ய முயன்றேன்' என்றால் டு. கம்ப்யூட்டர் பழுதுக்கு ஃபோன் செய்து "ஐ ட்ரைடு ரீஸ்டார்ட்டிங் இட்" என்றால் ரீஸ்டார்ட் ஆனது, கோளாறு தீரவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். "ஐ ட்ரைடு டு ரீஸ்டார்ட் இட்" என்றால் ரீஸ்டார்ட்டே ஆகவில்லை என்று நினைத்து வேறு திசையில் தேடுவார்கள்.

'மீன்' (mean) என்ற ஆங்கிலச் சொல் மட்டும் தமிழ்க் கணக்குக்கு அடங்காது. 'மீன் டு' என்றால் எண்ணம், அதிகமும் "ஐ டிட்ன்ட் மீன் டு" என்று மன்னிப்புக் கேட்கும்போது வரும். வேலை பற்றிப் பேசுகையில் "இட் மீன்ஸ் வொர்க்கிங் நைட்ஸ்" என்றால் இரவில் உழைக்க வேண்டிவரும் என்று பொருள், தலையாட்டும் முன் யோசியுங்கள். ஸ்டார்ட், பிகின், கன்டின்யூ மூன்றிலும் எதைப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான், அவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

நம் ஆட்கள் நேர்முகத் தேர்வில் சறுக்குவது 'யூஸ்டு டு'வில். "ஐ யூஸ்டு டு வொர்க் நைட்ஸ்" என்றால் முன்பு இரவு வேலை பார்த்தேன், இப்போது இல்லை. பழக்கம்தான் என்று சொல்ல "ஐ'ம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட்ஸ்" என்று வர வேண்டும். இரண்டையும் கலந்து "ஐ'ம் யூஸ்டு டு வொர்க் நைட்ஸ்" என்பது தப்பு. சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். "ஐ'ம் யூஸ்டு டு இட்" பொருந்துகிறது, அதனால் அங்கே இங். "லுக்கிங் ஃபார்வர்டு டு இட்" என்பதும் பொருந்தும்; எனவே மின்னஞ்சல் முடிவில் 'டு மீட் யூ' அல்ல, 'டு மீட்டிங் யூ'.